மழைக்கால விருந்தாளிகள்

மலாக்காவில் குளிர்காலம் ஏது? மழைதான் உண்டு. ஆனால் சைபீரியாவும் ஜப்பானும் உறையும் மாதங்களில் அங்குள்ள பறவைகள் நம் செம்பனைத் தோட்டங்களுக்கு வந்துவிடுகின்றன. ஜாசின் பக்கம் காலையில் நாயோடு நடந்தால் போதும். மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசை கட்டியிருக்கும். வேலிக் குச்சியில் பழுப்புக் கீச்சான், ஊரே தனக்குச் சொந்தம் என்பதுபோல. தேங்கிய தண்ணீரில் உள்ளான் வாலை ஆட்டி நடக்கும். நாய் முகர்ந்து கொண்டே முன்னால் ஓடினால் அத்தனையும் பறந்துவிடும்; அதனால் கயிறு கையில் இருக்கட்டும். கூகைக்காகக் கம்பத்தில் வைத்த பெட்டியடியில் மட்டும் நாய் நெடுநேரம் நிற்கும். கூகை தின்ற எலிகளின் வாடை அப்படி.

என்னைக் கேட்டால், உண்மையான திருவிழா பறவைகள் ஊர் திரும்பும்போதுதான். போர்ட்டிக்சனை ஒட்டியிருந்தாலும் மலாக்காவைச் சேர்ந்த தஞ்சோங் துவான் முனையில், மார்ச் மாதம் தேன்பருந்துகள் சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வருகின்றன. கடல்மேல் வெப்பக்காற்று எழும்பாது. சிறகடித்தே கடக்க வேண்டும். களைத்து, மரவுச்சியை உரசுகிற தாழ்வில் கரை சேரும். வெயில் ஏறியதும் குன்றின்மேல் எழும் வெப்பக்காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, வடக்கே போகும். 2000 முதல் மலேசிய இயற்கைக் கழகம் அங்கே கூடி அவற்றைப் பார்க்கிறது. முனையிலுள்ள கலங்கரை விளக்கத்துக்கு ஏறும் வழி செங்குத்து. தொப்பியும் தண்ணீரும் வேண்டும். கூட்டமும் இருக்கும்; அங்கே போகும் நாளில் நாய் வீட்டிலேயே இருக்கட்டும்.