21ஆம் அத்தியாயத்தின் தலைப்பு

'சார்லட்ஸ் வெப்' நாவலின் 21ஆம் அத்தியாயத்துக்கு இ.பி. ஒயிட் முதலில் வைத்திருந்த தலைப்பு 'சார்லட்டின் மரணம்'. கைப்பிரதியை வாசித்த ஹார்ப்பர் பதிப்பக எடிட்டர் உர்சுலா நார்ட்ஸ்ட்ராம் அதை மாற்றச் சொன்னார். 1952இல் நூல் அச்சாகி வந்தபோது அந்த இடத்தில் 'கடைசி நாள்' என்று இருந்தது. அந்த நாவலில் அவர் கேட்ட மாற்றம் ஏறக்குறைய இவ்வளவுதான். பொருளடக்கப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு இதை யோசிக்க வேண்டும். புதுப் புத்தகம் கைக்கு வந்ததும் படிக்கத் தெரிந்த குழந்தை விரலை ஓட்டிப் பார்ப்பது அங்கேதான். பழைய தலைப்பு நின்றிருந்தால் முதல் அத்தியாயத்தைத் தொடும் முன்பே சார்லட் என்ற சிலந்தி சாகப்போவது தெரிந்துபோயிருக்கும். புதிய தலைப்பு எதையும் மறைக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. கதையில் வரும் கண்காட்சியின் கடைசி நாள் என்று எடுத்துக்கொண்டு குழந்தை உள்ளே போகலாம். யாருக்குக் கடைசி நாள் என்பது அத்தியாயம் முடியும்போது உறைக்கும். சாவைச் சொல்லும் வரிகளை ஒயிட் அத்தியாயத்தின் கோடிவரை தள்ளிவைத்திருக்கிறார். அந்த நிதானத்தை அவர் வைத்த தலைப்பே கெடுத்துக்கொண்டிருந்தது. எழுதியவர் கண்ணுக்குத் தப்பியது வாசித்தவர் கண்ணில் பட்டது. எடிட்டிங் என்னும் கலைக்கு இதைவிடத் துல்லியமான சான்று வேறெதையும் என்னால் காட்ட முடியாது.

அமெரிக்கக் குழந்தை நூல் பதிப்பில் பெண்களின் பங்கைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை ஸ்தாபனங்களின் வரலாறாகவே எழுதிவிடுகிறார்கள். 1916இல் பாஸ்டனில் பெர்தா மஹோனி தொடங்கிய புத்தகக் கடை, 1919இல் மேக்மில்லன் லூயிஸ் சீமனிடம் ஒப்படைத்த தனிப் பிரிவு, 1924இல் 'ஹார்ன் புக்' இதழ் என்று வரிசை போகும். வரிசையில் தவறில்லை. ஆனால் அந்தப் பெண்கள் செய்தவற்றில் பெரியது, ஒரு கைப்பிரதியை எப்படி வாசிப்பது என்பதையே ஒரு கலையாக வளர்த்தெடுத்தது. குழந்தைகள் சமாசாரம் பெண்களுக்குத்தான் தெரியும் என்ற நினைப்பில், பதிப்பகங்களை நடத்திய ஆண்கள் அந்தப் பிரிவை அவர்களுக்கு ஒதுக்கினார்கள். அந்த ஒதுக்கலில் மரியாதை குறைவு, சம்பளமும் அதற்கேற்பத்தான். ஆனாலும் அதில் ஒரு வசதி இருந்தது. மேலிடம் அதிகம் எட்டிப் பார்க்கவில்லை. நூல்களை வாங்கியவை பெரும்பாலும் பொது நூலகங்கள், அங்கே தேர்ந்தெடுத்தவர்களும் பெண்கள். நல்ல குழந்தை நூல் ஒரு பருவத்தோடு தீர்ந்துபோகாமல் தலைமுறை தலைமுறையாக விற்கும். ஆகவே ஓர் எழுத்தாளர் பக்குவப்படப் பத்து வருடம் காத்திருக்க அந்தப் பிரிவால் முடிந்தது. ஹார்ப்பரில் 1931இல் பாடநூல் பிரிவுக் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1940இல் குழந்தைகள் பிரிவின் தலைமைக்கு வந்து, 1973வரை அங்கே இருந்த நார்ட்ஸ்ட்ராம் இந்தக் காத்திருப்பை முழுதாகப் பயன்படுத்தியவர். பெரியவர்களுக்கான நூல்களுக்கு உயர்த்துவதாகச் சொன்னபோது அவர் மறுத்துவிட்டதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

மேய் மாஸ்ஸியைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்று சொல்லும் ரசிகர்கள் உண்டு. அவர்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. டபுள்டேயிலும் பிறகு வைக்கிங்கிலும் மாஸ்ஸி கொண்டுவந்த நூல்களில் எழுத்தும் படமும் தாளும் ஒன்றோடொன்று பேசும். 'ஃபெர்டினாண்ட்' (1936), 'மேக் வே ஃபார் டக்லிங்ஸ்' (1941) இரண்டும் அவர் பதிப்பித்தவை. நூல் வடிவமைப்புக்காக 1959இல் அமெரிக்க வரைகலை நிறுவனத்தின் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண்ணும் அவரே. அழகான பொருளாக ஒரு நூல் வேண்டுமென்றால் மாஸ்ஸிதான். ஆனால் குழந்தையின் கோபம், பொறாமை, தனிமை, பழிவாங்கும் ஆசை இவற்றுக்கெல்லாம் புத்தகத்தில் இடம் உண்டு என்று பிடிவாதமாக நின்றவர் நார்ட்ஸ்ட்ராம். சமர்த்துப் பிள்ளைகளுக்குப் புத்தகங்கள் ஏராளம். மற்ற பிள்ளைகளுக்கு யார் போடுவது என்பது அவருடைய கேள்வி.

அந்தக் கேள்விக்குக் குறுக்கே நின்றவரும் ஒரு பெண்தான். இந்த வரலாற்றின் ஆழமான சண்டை ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே நடந்ததில்லை. நியூயார்க் பொது நூலகத்தின் ஆன் கேரல் மூர் இல்லாவிட்டால், குழந்தைகளுக்கென்று ஒரு வாசிப்பறையை அந்தக் காலத்தில் கேட்டு வாங்கியிருக்கவே முடியாது. அவர் பட்டியலில் ஏறாத புத்தகத்துக்குச் சந்தை இல்லை என்னும் அளவுக்கு அவர் சொல் செல்லுபடியானது. அதே மூர், 1941இல் ஓய்வுபெற்ற பிறகும், 'ஸ்டூவர்ட் லிட்டில்' வெளிவரக் கூடாது என்று ஒயிட் வீட்டுக்கு நீண்ட கடிதம் எழுதினார். மனிதத் தாய்க்குப் பிறந்த பிள்ளை எலியைப் போல இருப்பதை அவரால் ஏற்க முடியவில்லை. 1945இல் நார்ட்ஸ்ட்ராம் அதைப் பதிப்பித்தார். இரண்டு வருடம் கழித்து வந்த 'குட்நைட் மூன்' நூலை மூரின் ரசனைவழி வந்த அந்த நூலகம் 1972வரை அடுக்கில் வைக்கவில்லை. கல்லூரிப் படிப்பில்லாத, ஆசிரியையோ நூலகரோ தாயோ அல்லாத உனக்கு என்ன தகுதி என்று மூர் கேட்டதாகவும், தானும் ஒரு காலத்தில் குழந்தையாக இருந்ததாகவும் எதையும் மறக்கவில்லை என்றும் நார்ட்ஸ்ட்ராம் பதில் சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு. பதிலின் சாமர்த்தியத்தை எல்லோரும் ரசிக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு விமர்சனக் கொள்கையே தெரிகிறது. மூர் குழந்தைக்கு எது நல்லது என்று வெளியிலிருந்து பார்த்தார். நார்ட்ஸ்ட்ராம் படிக்கும் குழந்தையின் இடத்தில் உட்கார்ந்து கைப்பிரதியைப் புரட்டினார். 21ஆம் அத்தியாயத்தின் தலைப்பு அந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் உறுத்தும்.

எடிட்டருக்கு இவ்வளவு பெருமையா, ஒயிட் ஒயிட்தானே, செண்டாக் எங்கிருந்தாலும் செண்டாக்தானே என்பார்கள். மேதை தானாக முளைக்கும் என்ற நம்பிக்கை இது. தேதிகள் வேறு கதை சொல்கின்றன. நியூயார்க்கில் ஒரு பொம்மைக் கடையின் காட்சி ஜன்னலை அலங்கரித்துக்கொண்டிருந்த செண்டாக் என்ற இளைஞனை நார்ட்ஸ்ட்ராம் கண்டெடுத்தார். ஹார்ப்பருக்காக அவன் வரைந்த முதல் நூல் 1951இல் வந்தது. 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' வந்தது 1963இல். இடைப்பட்ட பன்னிரண்டு வருடமும் ரூத் க்ராஸ் போன்றவர்களின் பிரதிகளைக் கொடுத்து வரையவைத்தார். தன்னால் பெரிதாக எதுவும் ஆகாது என்று செண்டாக் சோர்ந்து எழுதியபோது, டால்ஸ்டாயால் செண்டாக்காக முடியாதே என்ற பொருளில் 1961இல் பதில் போட்டார். 'வைல்ட் திங்ஸ்' முதலில் காட்டுக் குதிரைகளைப் பற்றியது. குதிரை வரைய வரவில்லை என்றானதும் குதிரை போய் வேறொன்று வந்தது. கடைசிப் பக்கத்தில் படமே இல்லை, ஐந்தே சொற்கள். இரவுச் சாப்பாடு இன்னும் சூடாக இருக்கிறது என்ற சேதி. சூடு என்றால் வாய் சுட்டுவிடுமே, இளஞ்சூடு என்று போடலாமே என்று நார்ட்ஸ்ட்ராம் கேட்டுப் பார்த்தார். செண்டாக் மறுத்தார், அவரும் விட்டுவிட்டார். செண்டாக் செய்ததே சரி. ஒயிட்டிடம் வற்புறுத்தத் தெரிந்தவருக்கு இங்கே தோற்கவும் தெரிந்திருந்தது. பன்னிரண்டு வருடம் வளர்த்த கை இப்போது தன்னை மீறிவிட்டது என்று அறிந்து ஒதுங்குவது எடிட்டர்களில் அபூர்வமான குணம்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: இது வெள்ளைக்காரப் பெண்களின் வரலாறு, அவர்கள் திறந்த கதவு எல்லாக் குழந்தைகளுக்கும் திறக்கவில்லை. இதற்குச் சமாதானம் சொல்ல வழியில்லை. 1962 முதல் 1964 வரை வந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தை நூல்களை நான்சி லாரிக் ஆராய்ந்தார். அவற்றில் ஒரு கறுப்பின முகமாவது இருந்தவை 6.7 சதவீதம் என்று 1965இல் எழுதினார். நார்ட்ஸ்ட்ராமின் பொற்காலம் என்று நான் கொண்டாடும் வருடங்கள் இவை. 1969இல் பதின்வயதைத் தாண்டாத ஜான் ஸ்டெப்டோவின் 'ஸ்டீவி'யை ஹார்ப்பர் வெளியிட்டது நல்ல காரியம், ஆனால் தாமதமான காரியம். இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறையைக் கணக்கெடுத்துச் சொன்னவரும் பெண். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே ஹார்லெம் கிளை நூலகத்தில் கறுப்பினக் குழந்தைகள் தலைகுனியாமல் படிக்கத் தக்க நூல்களைத் தேடித் தனித் தொகுப்பு உண்டாக்கிய அகஸ்டா பேக்கரும் பெண். அவர் வேலைக்கு, என் பட்டியல் உட்பட எந்தப் பட்டியலிலும், உரிய இடம் இதுவரை தரப்படவில்லை.

இப்போது வரும் குழந்தை நூல்கள் அச்சில் மின்னுகின்றன, வாசிப்பில் தளர்ந்திருக்கின்றன. 1970களில் நூலகங்களுக்கான பணம் சுருங்கி, பெரிய புத்தகக் கடைகளின் அடுக்கு முக்கியமானதும் காத்திருக்கும் பழக்கம் போய்விட்டது. எந்தக் கைப்பிரதியானாலும் விற்பனைப் பிரிவின் கேள்விகளைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகிறது. நம் தமிழ்ச் சூழலில் சிக்கல் இதற்கும் முந்தையது: எடிட்டர் என்றாலே மெய்ப்புத் திருத்துபவர் என்று நினைக்கிறோம், கதையின் அடியில் நீதியைத் தைக்காமல் விட்டால் குழந்தை நூல் முழுமையாகாது என்று இன்னும் நம்புகிறோம். லூயிஸ் ஃபிட்ஸ்ஹ்யூ கொண்டுவந்த சில பக்கங்களை இன்றைய மேஜை ஒன்றில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். ஹார்ப்பரில் அவற்றை முதலில் வாசித்தவர், நார்ட்ஸ்ட்ராமிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்ற சார்லட் ஸோலோடோவ். இது இன்னும் புத்தகமாகவில்லை, ஆனால் ஆகக்கூடும், இந்தப் பெண்ணை அழைத்துப் பேசுங்கள் என்று அவர் குறிப்பு எழுதினார். நார்ட்ஸ்ட்ராம் அழைத்தார், இருவரும் ஃபிட்ஸ்ஹ்யூவை உட்காரவைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அந்தப் பேச்சிலிருந்து 1964இல் வந்தது 'ஹாரியட் த ஸ்பை'.