கட்டுமரத்தில் தண்ணீர் நிற்காது

கருக்களாச்சேரி போன்ற காரைக்கால் கரையூர்களில் இன்று ஃபைபர் படகுகளே அதிகம். ஆனால் கயாக்கில் கடல்மீன் பிடிக்கத் தொடங்குபவர் முதலில் ரசித்துப் பார்க்க வேண்டியது கட்டுமரத்தைத்தான். எடை குறைந்த மரங்கள், அவற்றை இறுக்கிய கயிறு, அவ்வளவே. ஏறியடிக்கும் அலைநீர் இடுக்கு வழியே தானே இறங்கிவிடும். மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்கின் தளத்தில் துளைகள் இருப்பதும் இதற்காகவே. என்ன அருமையான யோசனை! கரையேறியதும் கட்டவிழ்த்து மரங்களைக் காயவைப்பார்கள். நீர் ஊறினால் மரம் கனத்துவிடும்.

கயாக்கில் பழக வருபவருக்குத் தூண்டில் அப்புறம். அலை உடையும் இடத்தைத் தாண்டுவதுதான் முதல் பாடம். பெரிய அலைகள் வரிசையாக வந்து ஓயும் இடைவெளியில், முகப்பை நேரே வைத்துத் துடுப்புப் போட வேண்டும். பிற்பகலில் கடல்காற்று வலுக்கும், அதற்குள் திரும்பிவிடுங்கள். உயிர்காப்பு உடை இல்லாமல் இறங்காதீர்கள். அன்றைய நீரோட்டத்தை ஊர் மீனவரிடம் கேட்காமலும் இறங்காதீர்கள்.