தவளை மூஞ்சி விமானம்

2001 அக்டோபர் 26 அன்று பென்டகன் தீர்ப்புச் சொன்னது. லாக்ஹீட் மார்ட்டினின் எக்ஸ்-35 ஜெயித்தது. போயிங்கின் எக்ஸ்-32 அவுட். வாயைப் பிளந்த தவளை மாதிரி அதன் மூஞ்சிதான் காரணம் என்று பலர் கிண்டலடித்தார்கள். இல்லை. இது அழகிப் போட்டி அல்ல.

செங்குத்தாக இறங்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. போயிங், பழைய ஹாரியர் பாணியில் எஞ்சினின் சூடான காற்றையே கீழே திருப்பியது. சிம்பிள்தான். ஆனால் தரையில் பட்டு எழும் சூட்டை எஞ்சினே மறுபடி விழுங்கினால் மூச்சுத் திணறும். எடையும் உதைத்தது, சில பாகங்களைக் கழற்றிவிட்டுத்தான் இறங்கிக் காட்டினார்கள்.

லாக்ஹீட், எஞ்சினிலிருந்து ஒரு தண்டை நீட்டி, பைலட்டுக்குப் பின்னால் ராட்சச ஃபேன் ஒன்றைச் சுழற்றியது. அது தள்ளுவது குளிர்ந்த காற்று. 2001 ஜூலை 20-ல் ஒரே பயணத்தில் கொஞ்ச தூரம் ஓடிக் கிளம்பி, ஒலியை மிஞ்சி, செங்குத்தாக இறங்கியது. கைதட்ட வேண்டிய எஞ்சினியரிங்.

என் குறை வேறு. ஏறி இறங்கும் நிமிஷங்கள் தவிர அந்த ஃபேன் வெறும் சுமை. அதற்கு இடம்விட்டதில், ஃபேனே இல்லாத மற்ற இரண்டு எஃப்-35 வகைகளுக்கும் உடம்பு பருத்துவிட்டது. முதல் ஸ்குவாட்ரன் தயாரானது 2015-ல்தான். முப்படைக்கும் ஒரே விமானம் என்று கேட்டதில்தான் கோளாறு. விடைத்தாளைக் கவனமாகத் திருத்தினார்கள், கேள்வித்தாளை விட்டுவிட்டார்கள்.