பதுங்குகுழி வாசலில் ஒரு கேமரா

2014 கோடையில் அபிஷேகப்பாக்கத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியில், சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, இருபது பேர் உட்கார்ந்து, ஈழத்தின் கடைசிப் போரைப் பற்றிய ‘நோ ஃபயர் சோன்’ ஆவணப்படத்தைப் பார்த்தோம். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் தணிக்கை வாரியம் அதற்குச் சான்றிதழ் மறுத்திருந்தது. இயக்குநர் கேலம் மக்ரே இந்தியர்கள் பார்க்கட்டும் என்று இணையத்தில் இலவசமாகவே விட்டுவிட்டார். படம் முடிந்து விளக்கைப் போட்டதும், களையெடுத்துவிட்டு நேரே வந்திருந்த அத்தை ஒருவர் கேட்டார்: “அவ்வளவு சனமும் தண்ணி எங்கப்பா மொண்டாங்க?”

போர் ஆவணப்படம் எது பார்த்தாலும் அந்தக் கேள்வியைத்தான் இன்றும் அளவுகோலாக வைத்திருக்கிறேன். செத்தவர்களின் எண்ணிக்கை சில நாளில் மறந்துபோகும். தண்ணீருக்கு வரிசையில் நின்ற மனிதரை மறக்க முடியாது.

தமிழில் ஆவணப்படத்துக்கு முன்னோடி ஏ.கே. செட்டியார். உலகம் சுற்றி, பலர் எடுத்து வைத்திருந்த காட்சித் துண்டுகளைத் திரட்டி, 1940இல் காந்தி படத்தை வெளியிட்டார். அப்போது ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. குண்டுவீச்சுக்கு நடுவே வாழும் பொதுமக்களை ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ் 1942இல் ‘லிசன் டு பிரிட்டன்’ படத்தில் காட்டினார். அழகான படம்தான், ஆனால் அரசு எடுத்தது. அரசு எடுக்கும் படத்தில் மக்கள் எப்போதும் உறுதியோடுதான் இருப்பார்கள்.

அரசே மறுக்கும்போது சாட்சியம் சேர்ப்பது வேறொரு மரபு. ஈழத்தின் கடைசிப் போரைப் பற்றிய படங்களில் அதன் முழு வலிமையும் தெரியும். 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பினார்கள். போகாதீர்கள் என்று சனங்கள் வாசலில் நின்று கெஞ்சிய காட்சி மக்ரேயின் படத்தில் இருக்கிறது. அதில் ரத்தம் கிடையாது, ஒரு இரும்பு கேட்டும் அதற்கு வெளியே நிற்கும் முகங்களும்தான். எனக்கு அந்தப் படத்திலேயே கனமான காட்சி அதுதான். பதுங்குகுழிக்குள் செல்லடிக்கு நடுவே அங்கிருந்தவர்களே எடுத்தவையும், சிப்பாய்கள் வெற்றிச் சின்னமாகக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டவையும் அதே படத்தில் அடுத்தடுத்து வருகின்றன.

இந்த மரபின் உயிர்நாடி சரிபார்ப்பு. கைதிகளைச் சுட்டுக் கொல்லும் காணொளியை 2009 ஆகஸ்டில் சேனல் 4 ஒளிபரப்பியபோது கொழும்பு அது போலி என்றது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் வல்லுநர்களை வைத்து ஆராய்ந்து, அது உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். 2013இல் வெளிவந்த, புலிகள் தலைவர் பிரபாகரனின் மகன் பாலச்சந்திரனின் படங்களும் அப்படித்தான் சோதிக்கப்பட்டன. பன்னிரண்டு வயதுப் பையன் மணல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஏதோ தின்றுகொண்டிருக்கிறான். அடுத்த படத்தில் மார்பில் குண்டுக் காயங்களோடு கிடக்கிறான். இரண்டுக்கும் சில மணி நேரம்தான் இடைவெளி என்பது படக்கோப்பில் பதிந்திருந்த நேரத்திலிருந்து தெரிந்தது. அந்த மார்ச் மாதம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். ஜெனீவாவில் இலங்கை மீதான தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. மறுஆண்டு வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது.

கவனம் அப்படித்தான் வரும், போகும். அது போன பிறகும் உட்கார்ந்து கேட்பவர்கள் இருக்கிறார்கள். சோமீதரன் ‘எரியும் நினைவுகள்’ படத்தில், 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றி அதை அறிந்தவர்களையே பேச வைத்தார். லீனா மணிமேகலையின் ‘வெள்ளை வேன் கதைகள்’ (2013) காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீட்டுப் பெண்களைப் பேச விட்டது. குளோட் லான்ஸ்மான் பழைய காட்சி ஒன்றுகூடச் சேர்க்காமல் ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் நீளும் ‘ஷோவா’வை 1985இல் கொடுத்தாரே, அந்தப் பொறுமையின் வழி இது. படம் எடுப்பவர் குறுக்கே பேசாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஜூட் ரட்ணம் 2017இல் எடுத்த ‘டீமன்ஸ் இன் பாரடைஸ்’ தமிழ் இயக்கங்கள் தமிழரையே கொன்றதைப் பேசுகிறது. நம்மில் பலருக்கு அது கசந்தது. எனக்கும் அதோடு சண்டை உண்டு. ஆனாலும் இந்தப் பட்டியலில் அதற்கு இடம் வேண்டும். தப்பிக்க முயன்ற சனங்களைப் புலிகள் சுட்டதையும் ஐ.நா. நிபுணர் குழு 2011இல் பதிவு செய்திருக்கிறது. அதை மறைக்கிற படம் அந்தச் சனங்களுக்கே துரோகம் செய்கிறது.

இப்படங்களைக் காட்டுவதற்கும் விலை உண்டு. மலேசியாவில் மனித உரிமைச் செயற்பாட்டாளர் லேனா ஹென்ட்ரி ‘நோ ஃபயர் சோன்’ படத்தைத் திரையிட்டதற்காக வழக்கைச் சந்தித்தார், 2017இல் பத்தாயிரம் ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. அதே 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார்கள் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு சாலையோரம் உட்கார்ந்தார்கள். ஆண்டுக்கணக்காக அந்தப் போராட்டம் நீண்டது.

புதுச்சேரியைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் கீழ்புத்துப்பட்டு ஈழ அகதிகள் முகாம் இருக்கிறது. நம் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் கேமரா இருக்கிறது. இந்த மலரைப் படிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அங்கே போங்கள். முதலில் அனுமதி கேளுங்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயரை விடுங்கள், முகம் வேண்டாம் என்றால் கைகளை மட்டும் எடுங்கள், நாளையும் இடத்தையும் மட்டும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த அத்தை கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.