கட்டளை வரியும் பொதுவுரிமையும்

நீல் ஸ்டீவன்சனின் ‘ஆதியிலே கட்டளை வரி இருந்தது’ (1999) என்னும் நூல், கணினியின் பணிசெயல் முறைமையைத் தன் கையாலேயே ஆள விழையும் மனநிலையை ஆராய்கின்றது. விண்டோஸைக் குடும்பக் காருக்கும், லினக்ஸை வீதியோரத்தில் இலவசமாக வழங்கப்படும் யுத்த தாங்கிக்கும் அவர் ஒப்பிடுகின்றார். திரைச் சின்னங்கள் பொறியின் இயக்கத்தை மறைக்கின்றன. கட்டளையைத் தட்டச்சிடுபவனோ அதனுடன் நேரே உரையாடுகின்றான். பழுதின் மூலத்தைத் தானே தேடிக்காணும் மகிழ்ச்சியும் அவனுக்குண்டு.

ஆயின், அறிந்தோர் அறியாதோர் எனச் சமூகத்தை இருகூறாக்குமிடத்து நூல் தளர்கின்றது. பலரைத் தடுப்பது நேரமின்மையே என்பதை ஆசிரியரே ஒப்புகின்றார். பின்னர் அவரே மாக் ஓஎஸ் எக்ஸுக்கு மாறினார். லினக்ஸின் மூல நிரலோ யாவர்க்கும் திறந்துள்ளது. திறந்துபார்க்கும் அவ்வுரிமை, திறவாதவர்க்கும் காவலாகும். அவர்பொருட்டுப் பிறர் திறக்கலாம். இக்கவர்ச்சியின் சமூகப் பெறுமதி தனிமனிதத் தேர்ச்சியிலன்று, இப்பொதுவுரிமையிலேயே தங்கியுள்ளது.