விட்டுக்கொடுக்கும் சுவர்

இண்டியானாபோலிஸ் பந்தயப் பாதையில் கார்களைவிட எனக்குப் பிடித்தது அதன் சுவர். மணிக்கு 350 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் இண்டிகார் பந்தயக் கார்கள் அதையொட்டிப் பறக்கின்றன. முன்பு அது வெறும் கான்கிரீட். மோதினால் அதிர்ச்சி முழுதும் காருக்கும் ஓட்டுநரின் உடம்புக்கும்தான்.

2002இல் அங்கே ‘சேஃபர்’ தடுப்பு வந்தது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டீன் சிக்கிங் குழுவினர் உருவாக்கியது. கான்கிரீட்டுக்கு முன்னால் நுரைக்கட்டிகள், அவற்றின் முன்னால் சதுர எஃகுக் குழாய்கள். கார் மோதியதும் எஃகு வளைகிறது, நுரை நசுங்குகிறது, அடி பரவலாகிக் குறைகிறது. ஆனால் காரை உள்ளே சிக்கவைக்கும் அளவுக்கு மென்மையில்லை; வழுக்கிச் செல்ல விடுகிறது. எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்ற அந்தக் கணக்குதான் பேரழகு!

சுவர் இப்படி மாறினாலும், காரில் ஓட்டுநரின் தலையைக் காக்கும் ‘ஏரோஸ்கிரீன்’ தடுப்பு வந்ததோ 2020இல்தான். 2015இல் போக்கோனோ பந்தயப் பாதையில் பறந்துவந்த கார்ப் பாகம் தலையில் தாக்கி ஓட்டுநர் ஜஸ்டின் வில்சன் இறந்திருந்தார். அந்தத் தாமதம் இன்னும் வலிக்கிறது.