தொலைந்த பார்ட்டிஷனைத் தேடும் முறை: ஒரு திறனாய்வு

கணினியை இயக்கியதும் இயங்குதளம் தொடங்காமல், கருந்திரையில் ஒரு பிழைச் செய்தி மட்டும் நின்றுவிடும்போது, வன்தட்டில் இருந்த அனைத்தும் அழிந்துவிட்டதாகக் கருதுவது பெரும்பாலும் அவசர முடிவாகவே இருக்கிறது. வன்தட்டை சி, டி என்று பிரித்துக் காட்டும் பார்ட்டிஷன்களின் விவரம், பழைய முறையில் தட்டின் முதல் செக்டரில், அதாவது 512 பைட் அளவே உள்ள ஒரு சிற்றிடத்தில் பதிந்திருக்கிறது. 1983-இல் பி.சி. டாஸ் 2.0 பதிப்புடன் வந்த எம்பிஆர் என்னும் இந்த அமைப்பில், முதல் 446 பைட்டுகள் முதன்மையாக இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் சிறு நிரலுக்கும், அடுத்த 64 பைட்டுகள் நான்கு பார்ட்டிஷன்களின் தொடக்கத்தையும் நீளத்தையும் குறிக்கும் அட்டவணைக்கும், எஞ்சிய இரண்டு பைட்டுகள் அந்தச் செக்டர் செல்லுபடியானது என்று காட்டும் குறிக்கும் உரியவை. நிரல் கெட்டால் கணினி தொடங்காது, ஆனால் டிரைவ்கள் நலமாக இருக்கும். அட்டவணை கெட்டால் டிரைவ்களே கண்ணில் படாமல் போகும், ஆனால் கோப்புகள் கிடந்த இடத்திலேயே கிடக்கும். பயாஸ் அமைப்பில் வன்தட்டை அணுகும் முறை ஏஎச்சிஐ என்றிருந்தது ரெய்டு என்று மாறிப்போவதும், கேபிள் தளர்வதும்கூடக் கணினி தொடங்காமைக்குக் காரணமாகலாம் என்பதால், யுஎஸ்பியிலிருந்து இயங்கும் லினக்ஸ் ஒன்றைக் கொண்டு பார்ட்டிஷன்கள் தெரிகின்றனவா என்று பார்ப்பதற்கு முன்பே மீட்பு மென்பொருளை நாடுவது, நோயறியாமல் மருந்து கொடுப்பதாகும்.

அட்டவணைதான் கெட்டது என்று உறுதியான பின், அதை மீட்டமைக்கப் பரவலாகப் பயன்படுவது கிறிஸ்டோஃப் கிரெனியே உருவாக்கிய டெஸ்ட்டிஸ்க் என்னும் கட்டற்ற மென்பொருள். இதன் அடிப்படை எளிமையானது. ஒவ்வொரு பார்ட்டிஷனும் தன் தொடக்கத்திலோ அதற்குச் சற்றுத் தள்ளியோ, தன் கோப்பு முறைமையின் வகை, அளவு ஆகியவற்றைத் தானே எழுதி வைத்திருக்கிறது. என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் தன் பெயரையே முதல் செக்டரின் நான்காம் பைட் தொடங்கி எழுத்துகளாகப் பொறித்திருக்கும். அதன் நகல் ஒன்று பார்ட்டிஷனின் கடைசியிலும் இருக்கும். ஃபாட்32 தன் நகலை வழக்கமாக ஆறாம் செக்டரில் வைக்கிறது. லினக்ஸின் எக்ஸ்ட் வகைகள், சூப்பர்பிளாக் எனப்படும் தலைமைக் குறிப்பின் படிகளைப் பல இடங்களில் சிதறி வைக்கின்றன. ஊரின் நிலப் பதிவேடு எரிந்துபோனாலும் வயல்களில் எல்லைக்கற்கள் நட்டபடியே நிற்பதற்கு இது ஒப்பாகும். டெஸ்ட்டிஸ்க் வன்தட்டை வரிசையாக வாசித்து இக்கற்களைத் தேடுகிறது. முதல் தேடலில் அகப்படாதவற்றை, நகல்களையும் சேர்த்து அலசும் ஆழ்ந்த தேடலில் பிடிக்க முயல்கிறது. இந்த முறையின் உண்மையான வலிமை, தேடும்போது தட்டில் எதையும் எழுதாமல் இருப்பதிலும், கண்டெடுத்த பார்ட்டிஷனில் உள்ள கோப்புகளின் பட்டியலை முன்கூட்டியே காட்டி, அங்கிருந்தே அவற்றை வேறொரு தட்டுக்குப் படியெடுக்க விடுவதிலும் அடங்கியிருக்கிறது. பலரும் கடந்து செல்லும் வசதி இதுதான் என்பது வியப்புக்குரியது. கோப்புகளை வெளியே எடுத்துக்கொள்ள முடியுமென்றால், பழைய தட்டில் அட்டவணையைத் திருத்தி எழுத வேண்டிய தேவையே எழாமல் போகலாம்.

குறையும் அந்த எல்லைக்கற்களிலிருந்தே பிறக்கிறது. ஒரே வன்தட்டு பல ஆண்டுகளில் பலமுறை பிரிக்கப்பட்டிருந்தால், முந்தைய பிரிவுகளின் அடையாளங்களும் அழிக்கப்படாமல் எஞ்சியிருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் 63-ஆம் செக்டரில் தொடங்கிய பார்ட்டிஷனின் சுவடும், விஸ்டாவுக்குப் பின் வழக்கமான 2048-ஆம் செக்டரில் தொடங்கிய இன்றைய பார்ட்டிஷனும் ஒரே பட்டியலில் அருகருகே தோன்றலாம். இவற்றுள் எது உயிருள்ளது, எது செத்தது என்பதை மென்பொருள் ஓரளவுதான் ஊகிக்கும். தீர்ப்பைப் பயனரிடமே விட்டுவிடுகிறது. தவறான அட்டவணையை எழுதிவிட்டாலும் அதுமட்டுமே பேரிழப்பாகிவிடாது, ஏனெனில் அடையாளங்கள் அப்படியே இருப்பதால் மறுபடியும் தேடலாம். கேடு அதற்கடுத்த நிமிடத்தில் நேர்கிறது. கணினி மறுபடி தொடங்கும்போது, பழைய சுவட்டை உண்மையான டிரைவ் என்று நம்பும் விண்டோஸ், அதில் முரண்பாடுகளைக் கண்டு செக்டிஸ்க் என்னும் சரிபார்ப்பை ஓடவிடக்கூடும். அது தன் கணக்குக்கு ஒத்துவராத பதிவுகளைப் பிழை என்று நீக்கி, உயிருள்ள பார்ட்டிஷனின் கோப்புகள் கிடக்கும் இடத்தில் எழுதத் தொடங்குகிறது. அதுவரை மீளக்கூடியதாக இருந்த நிலை, சீரமைப்பு என்ற பெயரிலேயே மீளாததாகிறது. பழி மீட்பு மென்பொருளின் மேல் விழுகிறது என்றாலும், எழுதும் கட்டளையை ஒற்றை உறுதிப்படுத்தலுடன் ஏற்றுக்கொள்ளும் அதன் வடிவமைப்புக்கும் இதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

தட்டே நலிந்திருக்கும்போது நிலைமை இன்னும் மோசம். வாசிப்புத் தலை பழுதாகி, செக்டர்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கும் தட்டில் மணிக்கணக்கான ஆழ்ந்த தேடலை நடத்துவது, எஞ்சியிருக்கும் ஆயுளையும் தேடலிலேயே செலவழிப்பதாகிவிடும். அந்தோனியோ தியாஸ் தியாஸ் எழுதிய டிடிரெஸ்க்யூ இதற்கு நேர்மாறான ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறது. எளிதில் வாசிக்கக்கூடிய பகுதிகளை முதலில் வேறொரு தட்டுக்குப் படியெடுத்து, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறிப்பேட்டில் பதிந்து வைத்து, பிறகு அவற்றுக்குத் திரும்புகிறது. மூலத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் படியின் மீதே தேடலை நடத்துவதுதான் பிழையற்ற வழி. ஆனால் 4 டெராபைட் தட்டுக்குக் குறைந்தது அதே அளவுள்ள இன்னொரு தட்டு வேண்டும். நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் தடையின்றி ஓடினாலும் ஏழு மணி நேரத்துக்கு மேலாகும். இந்தச் செலவே பலரை நேரடித் தேடலுக்குத் தள்ளுகிறது.

எல்லைக்கற்களைத் தேடும் இந்த முறை சுழலும் தட்டுகளின் காலத்தில் பிறந்தது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். எஸ்எஸ்டி வகைச் சேமிப்பகத்தில் இயங்குதளம் டிரிம் என்னும் கட்டளையால் பயனற்ற இடங்களை அறிவித்துவிடுகிறது. விண்டோஸ் 7 தொட்டு இது வழக்கமாகிவிட்டதால், படிக்க முடியாத டிரைவைப் பார்மட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கும்போது பதற்றத்தில் ஒப்புதல் அளித்துவிட்டால், பின்னர் பழைய எல்லையைக் கண்டுபிடித்தாலும் உள்ளே பூச்சியங்களே மிஞ்சியிருக்கலாம். அட்டவணையைப் பொறுத்தவரை, ஜிபிடி என்னும் புதிய அமைப்பு அதன் முழு நகலைத் தட்டின் கடைசியில் வைத்து, இரண்டையும் சரிபார்ப்பு எண்ணால் காப்பதால், முதற்பகுதி மட்டும் கெட்டால் தேடலுக்கே அவசியமின்றி நகலிலிருந்து மீட்டுவிடலாம். புதிதாகப் பார்ட்டிஷன் பிரிக்கும் மென்பொருள் இரண்டு இடங்களிலும் எழுதிவிடும்போதுதான் மீண்டும் எல்லைக்கற்களைத் தேடும் நிலை வருகிறது. மறையாக்கம் செய்த தட்டில் அந்தத் தேடல் வென்றாலும் பாதி வழிதான் கடந்ததாகும்: விண்டோஸின் பிட்லாக்கர் டிரைவின் எல்லை கிடைத்த பின்னும் வழக்கமான வழியில் திறக்க முடியாவிட்டால் 48 இலக்க மீட்பு எண் வேண்டும்; லினக்ஸின் லக்ஸ் பார்ட்டிஷனிலோ, தொடக்கத்தில் உள்ள திறவுகோல் பகுதி மேலெழுதப்பட்டிருந்து அதன் நகலும் இல்லையென்றால், சரியான கடவுச்சொல்லை அறிந்தவராலும் அதைத் திறக்க இயலாது.